லுசாக்காவுக்கும் கானோவுக்கும் நடுவில் எங்கள் வீடு

எனக்கு ஆப்பிரிக்காவில் இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். இருவரும் கணக்கு வாத்தியார்கள். அண்ணை சாம்பியாவின் தலைநகரமான லுசாக்காவில் படிப்பித்தார். தம்பி நைஜீரியாவின் வடக்கே கானோவில் இருந்தான். யாழ்ப்பாணத்தில் கணக்கும் பௌதிகமும் படித்த பெடியள் பலர் அந்தக் காலத்தில் இப்படிப் போனார்கள். போனவர்களைப் பற்றி ஊரில் ஒரே வசனம்தான்: ‘அவர் ஆப்பிரிக்காவில நிக்கிறார்.’ எந்த நாடு, எந்த ஊர் என்று எவரும் கேட்பதில்லை. என் அம்மாவும் கேட்டதில்லை.

அண்ணையைப் பற்றி அம்மா கேட்காததற்கு வேறொரு காரணமும் இருந்தது. அவர் அங்கேயே ஒரு நேர்ஸைக் கல்யாணம் முடித்திருந்தார். சாம்பியாக்காரி. செய்தி வந்த அன்றைக்கே அம்மா அண்ணையின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி அலுமாரிக்குப் பின்னால் போட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டில் அவருடைய பெயரைச் சொல்லக் கூடாது. அவருடைய மனைவியைச் சொல்வதற்கு அம்மா ஒரு சொல் வைத்திருந்தார். அதை நான் இங்கே எழுத மாட்டேன். யாழ்ப்பாணத்தவர்களுக்கு அது என்ன சொல் என்று தெரியும். தம்பி மட்டும் அண்ணையுடன் தொடர்பு வைத்திருந்தான். அது அம்மாவுக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு நானும் கணவரும் லண்டனுக்கு வந்தோம். அம்மாவையும் சில மாதங்களில் கூப்பிட்டோம். நோர்பரியில் ஒரு சிறிய வாடகை வீடு. கீழே ஹோலும் குசினியும், மேலே இரண்டு அறைகள். கணவர் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை செய்தார். எங்கள் மூவருடைய பாஸ்போர்ட்டுகளும் அகதி விண்ணப்பத்தோடு குடிவரவு அலுவலகத்தில் இருந்தன. எனக்கு ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

மாசி மாதத்தில் ஒரு காலை கானோவிலிருந்து ரெலிபோன் வந்தது. தம்பியின் பள்ளிக்கூட அதிபர் பேசினார். தம்பிக்கு டைபொயிட் என்ற நெருப்புக் காய்ச்சல் வந்து, கவனிக்காமல் விட்டு, குடல் ஓட்டையாகிவிட்டது. ஒப்பரேஷன் செய்திருக்கிறார்கள். இரத்தமும் மருந்தும் தட்டுப்பாடு. உறவினர் யாராவது வந்து பக்கத்தில் நின்றால் நல்லது என்று சொல்லும்போதே தொடர்பு அறுந்துவிட்டது.

அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். பிறகு திடீரென்று அழுகையை நிறுத்தினார்.

“மூத்தவன் பக்கத்திலதானே நிக்கிறான். அவனைப் போய்ப் பாக்கச் சொல்லு.”

அவர் வாயிலிருந்து மூத்தவன் என்ற சொல் வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. கணவர் அட்லசை எடுத்து மேசையில் விரித்தார். ஆப்பிரிக்கா முழுவதும் ஒரே பக்கத்தில் கிடந்தது. அம்மா லுசாக்காவில் பெருவிரலையும் கானோவில் சுண்டுவிரலையும் வைத்துப் பார்த்தார். சாண் எட்டியது.

“இவ்வளவுதானே,” என்றார். “காலமை வெளிக்கிட்டால் மத்தியானம் போயிடலாம்.”

கணவர் அடிமட்டம் வைத்து அளந்தார். நேரே பறந்தால் ஏறக்குறைய இரண்டாயிரத்து முந்நூறு மைல் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் தூரத்தைப் போல ஒன்பது மடங்கு. ஜெட் விமானத்தில் ஐந்து மணித்தியாலம் என்றார் அவர். அம்மா அதையும் தனக்குச் சாதகமாகத்தான் எடுத்துக்கொண்டார். “அஞ்சு மணித்தியாலம். யாழ்தேவி ரயிலில இதைவிடக் கூட நேரம் இருந்து போகேல்லையே நாங்கள்?”

நான் லுசாக்காவுக்கு ரெலிபோன் எடுத்தேன். அண்ணையின் குரலைக் கேட்டு நாலைந்து வருடங்கள் இருக்கும்.

“அண்ணை, தம்பிக்குக் கடுமை. ஒப்பரேஷன் செய்து போட்டினம். நீங்கள் உடனை வெளிக்கிடவேணும்.”

“எனக்கும் தந்தி வந்தது. ரெண்டு நாளாப் பிளேனுக்குத்தான் ஓடித் திரியிறன். இஞ்சயிருந்து கானோவுக்கு நேரப் போற பிளேன் இல்லை.”

“பிளேன் இல்லையோ? ஒரே ஆப்பிரிக்காதானே அண்ணை.”

அண்ணை மெல்லச் சொன்னார்.

“நைரோபியால போகலாமெண்டு பாத்தன். அதிலயிருந்து லாகோசுக்குக் கிழமைக்கு ஒண்டுதான் போகுது. இந்தக் கிழமை இடமில்லை. லண்டனுக்கு வந்து, அங்கையிருந்துதான் கானோவுக்குப் போகவேணும்.”

“பக்கத்து நாட்டுக்குப் போறதுக்கு லண்டனுக்கு வரவேணுமோ? ஆரைப் பேய்க்காட்டுறியள்? போக விருப்பமில்லையெண்டால் நேரச் சொல்லுங்கோ.”

“பக்கத்து நாடோ?” அவர் கத்தினார். “இடையில எத்தினை நாடு கிடக்கெண்டு தெரியுமே உனக்கு? அட்லசைப் பாத்துக்கொண்டு கதைக்கிறாய். ஆப்பிரிக்கா எண்டால் ஒரு ஊர், அதில நாங்கள் ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து வளவில இருக்கிறம் எண்டு நினைப்பு. கொம்மா சொல்லித்தானே எடுக்கிறாய்?”

கொம்மா என்றார். உன் அம்மா. தனக்கு அம்மா இல்லை என்பது போல. நான் ரெலிபோனை வைத்துவிட்டேன்.

அவர் பொய் சொல்கிறார் என்றுதான் நான் நம்பினேன். ஸ்ட்ரெதமில் ஒரு டிக்கெட் கடை இருந்தது. கணவர் வேலைக்குப் போகும் வழியில் அங்கே ஏறி விசாரித்தார். பின்னேரம் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார். “மச்சான் சொன்னது சரிதான். ஐரோப்பாவால வந்து போறதுதான் நிச்சயமாம். லுசாக்காவில இருந்து லண்டனுக்குப் பத்து மணித்தியாலம். லண்டனில இருந்து கானோவுக்கு ஆறு.”

அம்மா ஏற்கவில்லை. “கடைக்காரனுக்கு டிக்கெட் விக்கவேணும். அவன் உதுதான் சொல்லுவான்.”

“மாமி, அந்த நாடுகளைப் பிடிச்சிருந்த வெள்ளைக்காரன் எல்லாப் பாதையையும் தன்ர வீட்டுக்குத்தான் போட்டவன். அதுகளுக்குள்ள போய்வரப் பாதை போடேல்லை.”

“நீர் சும்மா இரும்,” என்றார் அம்மா. மருமகனிடம் அவர் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. கணவர் எழுந்து மேலே போய்விட்டார். அன்றிலிருந்து அவர்கள் இருவருக்குமிடையில் பேச்சுக் குறைந்தது.

இரண்டு நாட்களின் பின் அண்ணை ரெலிபோன் எடுத்தார். வணக்கம் இல்லை, சுகமா என்ற கேள்வி இல்லை. “நாளைக்குக் காலமை கட்விக்குக்கு வாறம். பின்னேரம் அதிலயே கானோ பிளேன். அவளும் வாறாள். இஞ்சத்தைய ஆஸ்பத்திரியில லீவு எடுத்திட்டாள். வரச்சொல்லி நான் கேக்கேல்லை, தானா வாறாள். இடையில நிக்கிற நேரத்துக்கு உங்கட வீட்டுக்கு வரட்டோ, விமான நிலையத்திலயே இருக்கட்டோ? அதை மட்டும் சொல்லு.”

“வாங்கோ,” என்றேன். அம்மாவைக் கேட்காமலே சொன்னேன். இலங்கையருக்கு இங்கே இறங்க விசா கேட்காத காலம் அது. அடுத்த வருடம் என்றால் அவர் வெளியே வந்தே இருக்க முடியாது.

நோர்பரியிலிருந்து கட்விக் தூரமில்லை. கிழக்குக் குரொய்டனில் ரயில் மாறினால் சரி. நானும் கணவரும் போய் நின்றோம். அண்ணை தலை நரைத்து, மெலிந்து வந்தார். பக்கத்தில் அவரைவிட ஒரு விரற்கடை உயரமான பெண். மாசிக் குளிருக்குப் போதாத பருத்திக் கோட். கையில் ஒரு பெரிய தோற்பை. அதை வாங்கக் கணவர் கை நீட்டியபோது அவள் கொடுக்கவில்லை. ஊசிகளும் சேலைன் பைகளும் மருந்தும் அதற்குள் இருந்தன. சுங்கத்தில் அவற்றுக்காக அவளை நெடுநேரம் மறித்து வைத்திருந்தார்களாம். அவளை மட்டும். அண்ணையை விட்டுவிட்டார்கள்.

ரயிலில் அண்ணை யன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவள் என் வயிற்றைப் பார்த்து, எத்தனை மாதம் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கால் வீங்குகிறதா என்று கேட்டாள். நான் ஒற்றைச் சொற்களில் பதில் சொன்னேன். கோபப்பட எனக்கு அவளிடத்தில் ஒரு காரணமும் இல்லை. ஆனால் கோபம் இருந்தது. இவள் இல்லாவிட்டால் அண்ணை எங்களுடன் இருந்திருப்பார் என்று அந்த வயதில் நம்பினேன்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது அம்மா கீழே இல்லை. மேலே அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருந்தார். அண்ணை படியின் அடியில் நின்று மேலே பார்த்தார். கூப்பிடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஹோலுக்குள் போய் இருந்தார்.

அவள் குளித்துவிட்டு வந்தாள். நான் சோறும் பருப்பும் மீன்குழம்பும் வைத்திருந்தேன். சோற்றுக் கோப்பைகளை மேசையில் அடுக்கும்போது மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“பிள்ளை, அவளுக்கு எங்கட கோப்பையில போட்டுக் குடாதை,” என்று அம்மா படியின் உச்சியிலிருந்து சொன்னார். மெதுவாகச் சொல்லவில்லை.

அண்ணை கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எங்கள் மூன்று பேருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மேலே பார்த்தாள். நான் ஒரு கோப்பையை எடுத்து அவளுக்கு முன்னால் சத்தம் கேட்க வைத்துச் சோறு போட்டேன்.

அவள் சாப்பிடவில்லை. கோப்பையை மெல்ல நகர்த்திவிட்டு, “ஆஸ்பத்திரியின் நம்பர் இருக்கிறதா?” என்று கேட்டாள்.

நாங்கள் எத்தனையோ தடவை முயன்று தோற்ற நம்பர் அது. அவள் படியடியிலிருந்த ரெலிபோனுக்குப் பக்கத்தில் தரையில் சப்பாணி கட்டி உட்கார்ந்தாள். ஒப்பரேற்றரிடம் பேசினாள், காத்திருந்தாள், அறுந்தது, மறுபடி பேசினாள். எங்களைப் போல மன்றாடவில்லை, கட்டளை இட்டாள். மத்தியானம் தாண்டியபோது தொடர்பு கிடைத்தது. வார்டு நேர்ஸைக் கூப்பிடச் சொன்னாள். காய்ச்சல் எவ்வளவு, புண்ணிலிருந்து என்ன வடிகிறது, எந்த மருந்து, சிறுநீர் போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

அம்மா இப்போது படியின் நடுவில் வந்து நின்றார். ரெலிபோனை வைத்ததும் அவரால் பொறுக்க முடியவில்லை.

“என்னவாம்?” என்றார், யாரையும் பார்க்காமல்.

“உங்களுக்கு வாய் இருக்கு,” என்றார் அண்ணை. “அவளைக் கேளுங்கோ.”

“உன்னைத்தான் கேக்கிறன்.”

“எனக்குத் தெரியாது. தெரிஞ்சவள் உங்கை கீழ இருக்கிறாள்.”

அம்மா கைபிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கேட்கவில்லை. கேட்டது நான்தான். உயிர் இருக்கிறது, புண் சீழ் பிடித்திருக்கிறது, சரியான மருந்து கிடைத்தால் தப்பலாம், அந்த மருந்து தன் பைக்குள் இருக்கிறது என்றாள் அவள். நான் தமிழில் சொன்னேன். அம்மா கைபிடியை விட்டார். திரும்பி மேலே ஏறினார்.

எனக்கு வந்த ஆத்திரம் எங்கே போவது என்று தெரியாமல் அண்ணையின் மேல் பாய்ந்தது.

“அவ பெத்த தாய். பிள்ளை சாகக் கிடக்குது எண்டு தவிக்கிறா. இந்த நேரத்திலயும் உங்களுக்கு வைராக்கியமோ? நாலு நாளுக்கு முன்னமே வெளிக்கிட்டிருந்தால் இப்ப அங்கை நிண்டிருப்பியள்.”

அண்ணை எழுந்து வந்து என் முகத்துக்கு நேரே நின்றார்.

“தங்கச்சி, இஞ்சயிருந்து கானோவுக்கு எவ்வளவு நேரம்?”

நான் முகத்தைத் திருப்பினேன்.

“சொல்லு. ஆறு மணித்தியாலம். எனக்குப் பத்தும் ஆறும் பதினாறு. உங்களுக்குத்தானே அவன் பக்கம்? நீங்கள் ஒருத்தரும் ஏன் போகேல்லை?”

“எங்கட பாஸ்போர்ட் அவங்களிட்டக் கிடக்கு. நான் இந்த வயித்தோட எங்கை போறது?”

“சரி. ஏலாது. அதை நான் நம்பிறன். நான் ஏலாது எண்டு சொன்னபோது ஏன் நீ நம்பேல்லை?”

அவர் வாத்தியார். வகுப்பில் பதில் தெரியாத பிள்ளையை நிறுத்தி வைப்பது போல என்னை நிறுத்தி வைத்தார். அந்தக் கேள்வி நியாயமானது என்று இப்போது எழுதலாம். அன்றைக்கு அந்த முகத்தில் அறையவேண்டும் போலத்தான் இருந்தது. கணவர் வந்து என் தோளைப் பிடித்துக் குசினிக்குள் கூட்டிப்போனார்.

அவர்களைக் கட்விக்குக்குக் கணவர் கொண்டுபோய் விட்டார். நான் போகவில்லை. வாசலில் நின்று அண்ணை, “போட்டு வாறன்,” என்றுகூடச் சொல்லவில்லை. அவள் மட்டும் என்னிடம் வந்து, “காலை உயர்த்தி வைத்துப் படு. வீக்கம் முகத்துக்கு வந்தால் உடனே டொக்டரிடம் போ,” என்றாள். அதிலும் கனிவு இல்லை. நோயாளிக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

தம்பி தப்பினான். அவள் மூன்று கிழமை அவனுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். அண்ணை வேலைக்குத் திரும்பவேண்டும் என்று முன்னதாகப் போய்விட்டார்; அவன் தேறும் வரைக்கும் அவள் அங்கேயே நின்றாள். இதையெல்லாம் பள்ளிக்கூட அதிபர்தான் எங்களுக்குச் சொன்னார். அண்ணை எடுக்கவில்லை. தம்பி எழுந்து நடந்து ரெலிபோன் வரைக்கும் வரக்கூடிய நிலை வந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எடுத்தோம். முதலில் அம்மாதான் பேசவேண்டும் என்று பறித்து வாங்கினார். நான் காதோடு காது வைத்து நின்றேன்.

“அம்மா,” என்றான் தம்பி. குரல் நூல் போல இருந்தது.

“என்ர ராசா. சாப்பிடுறியே?”

“ஓம் அம்மா. இப்ப கஞ்சி குடிக்கிறன். அவதான் காய்ச்சித் தாறா.”

அம்மா ஒரு கணம் நிறுத்தினார். பிறகு கேட்டார்.

“அவளே சமைக்கிறாள்? வேற ஆரும் இல்லையே அங்கை? உனக்கு ஊத்தை துடைக்கிறதும் அவளே? சீ, என்ர பிள்ளையை அவள் தொட்டே…” அதற்குப் பிறகு அந்தச் சொல்லைச் சொன்னார்.

தம்பியின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ரெலிபோன் வைக்கப்பட்டது.

“லைன் அறுந்துபோச்சு,” என்றார் அம்மா.

“அறுகேல்லை. வச்சிட்டான்,” என்றேன். “ஒரு நன்றி சொல்ல உங்களுக்கு ஏலாமப் போச்சே? அவள் இல்லாட்டி அவன் செத்திருப்பானம்மா. உங்களுக்கு அது பரவாயில்லையோ?”

“என்ன கதை கதைக்கிறாய் நீ? உன்னையும் மூத்தவன் மாத்திப் போட்டான்.”

அன்று நானும் அம்மாவும் போட்ட சண்டையில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் சுவரில் தட்டினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அமைதி என்று ஒன்று இருக்கவில்லை. பிள்ளை பிறந்தது. அம்மாதான் அதைக் குளிக்க வார்த்தார். பிள்ளையைக் கையில் கொடுப்பேன், வாங்குவேன். அம்மாவின் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

தம்பி உடம்பு தேறியதும் லண்டனுக்கு வருவான், எங்களுடன் இருப்பான் என்று எதிர்பார்த்தோம். அவனுக்கென்று அம்மா தன் அறையில் ஒரு கட்டில் போடச் செய்தார். சித்திரை போய் வைகாசியும் வந்தது. ஆள் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு எடுத்தால் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டான் என்றார்கள். அந்தக் கிழமை அண்ணை எடுத்தார். அவராக எடுத்தது அதுதான் கடைசி.

“தம்பி இஞ்ச வந்திட்டான். எங்களோடதான் இருப்பான். இஞ்ச ஒரு பள்ளிக்கூடத்தில இடம் எடுத்துக் குடுத்திருக்கிறன். கொம்மாவுக்குச் சொல்லிவிடு.”

“எப்பிடி வந்தவன்?” என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

“வேற எப்பிடி? லண்டனாலதான். காலமை கட்விக்கில இறங்கிப் பின்னேரம் ஏறினவை, அவனும் அவளும். உன்ர வீட்டுக்குப் போவம் எண்டு அவள்தான் கேட்டவளாம். இவன் மாட்டன் எண்டிட்டான்.”

ரயிலில் போய்வரக்கூடிய தூரத்தில் ஒரு பகல் முழுவதும் என் தம்பி உட்கார்ந்திருந்திருக்கிறான். அதை அண்ணை சந்தோசமாகச் சொன்னார். அந்தக் குரலை நான் மறக்கவில்லை. அம்மா செய்ததற்கு அம்மாவைத் தண்டிக்கட்டும். என்னை ஏன் சேர்த்துத் தண்டித்தார்கள் என்று நான் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன். தம்பி இரண்டு வருடங்களின் பிறகு என்னுடன் பேசத் தொடங்கினான். அம்மாவை ரெலிபோனுக்குக் கூப்பிடச் சொல்லி ஒருநாளும் கேட்கவில்லை. அம்மாவும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். கை நீட்ட மாட்டார்.

அம்மா தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போய்ச் சேர்ந்தார். கடைசி மூன்று வருடங்கள் படுக்கை. கவுன்சில் அனுப்பிய பெண் வாரத்தில் சில நாட்கள் வந்து குளிப்பாட்டினாள். கானாக்காரி. அவள் கையை அம்மா முதலில் தட்டிவிட்டார். பிறகு தட்டிவிடப் பலமில்லாமல் போனது. லுசாக்காவுக்கு நான் அறிவித்தேன். ஒருவரும் வரவில்லை.

இடையில் கல்யாணம் முடித்திருந்த தம்பி தொண்ணூற்றேழில் குடும்பத்தோடு லண்டனுக்கே வந்து லூயிஷாமில் இருந்தான். அவனுடைய மைத்துனியின் கல்யாணத்துக்கு அண்ணையும் மனைவியும் வந்தார்கள். மண்டபத்தில் யாரோ தெரியாமல் என்னை அண்ணைக்குப் பக்கத்துக் கதிரையில் கொண்டுபோய் இருத்திவிட்டார்கள். எழும்பினால் ஆட்கள் பார்ப்பார்கள். இருவரும் மணவறையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். நாதஸ்வரம் ஓயும் வரைக்கும் பேச்சில்லை.

“சுகமோ?” என்றார்.

“ஓம்.”

“அம்மா செத்த செய்தி வந்தபோது நான் அழேல்லை,” என்றார் அண்ணை. “அதை ஆருக்காவது சொல்லவேணும் போல இருந்தது.”

“நானும் அழேல்லை,” என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அவ்வளவு காலத்தில் முதல் தடவையாக நேரே பார்த்தார்.

“நீ அவவை வச்சுப் பாத்தனியெல்லே.”

“பாத்தன். நீங்கள் பாக்கேல்லை. அவவை எனக்கு மேல போட்டிட்டு, என்னோடயும் கோவிச்சுக்கொண்டு இருந்திட்டியள்.”

அவர் மறுத்துப் பேசவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. நான் அதை எதிர்பார்த்துத்தான் இருந்தேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் வராதபோது பழைய ஆத்திரம் அப்படியே எழும்பியது. அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு எழும்பி, முன் வரிசையில் இருந்த தன் மனைவிக்குப் பக்கத்தில் போய் இருந்தார். அவள் திரும்பி நான் இருந்த திசையைப் பார்த்துத் தலையை ஒருமுறை அசைத்தாள். நானும் அசைத்தேன். அதற்குள் கல்யாணப் பொம்பிளையை மணவறைக்குக் கூட்டி வந்தார்கள். எல்லோரும் எட்டிப் பார்க்க எழுந்து நின்றார்கள்.